கறுப்புக் கோட்டைக் கும்பிடுறதை நிப்பாட்டுவம்

திருகோணமலையில் ஒரு பிள்ளை சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தால் அண்டைக்கே முகநூல் நிரம்பிவிடும். கறுப்புக் கோட், புதுக்கடை நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் அம்மா அப்பாவோடு ஒரு படம், "எங்கள் மண்ணுக்குப் பெருமை" என்று நூறு பின்னூட்டம். சந்தியில் பதாகையும் கட்டுவார்கள். அதில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளையை ஊர் கொண்டாடத்தான் வேணும்.

எங்கட பிரச்சினை அதுக்குப் பிறகு வருவது. அந்தப் பதாகை வெயிலில் வெளிறிப் போன பிறகு, அந்தச் சட்டத்தரணி எந்த நீதிமன்றத்தில், எந்த வழக்கில், யாருக்காக எழும்பி நிண்டார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவர் தேர்தலில் நிற்கும்போது மறுபடி ஒரு பதாகை வரும். அதிலும் பெயருக்கு முன்னால் "சட்டத்தரணி" என்று ஒரு சொல். இடையில் போன பதினைந்து வருடத்துக்கும் அந்த ஒரு சொல்தான் கணக்கு. மேசனிடம் வீடு கட்டக் குடுக்க முன்னம் "முதல் எங்க கட்டினனீர்?" என்று கேட்கிற சனம் நாங்கள். சட்டத்தரணியிடம் மட்டும் கேட்க மாட்டம். கோட்டைக் கண்டதும் வாய் அடைத்துப் போகும்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. இலங்கைத் தமிழ் அரசியலே சட்டத்தரணிகளின் அரசியல். ஜி. ஜி. பொன்னம்பலம், செல்வநாயகம், திருச்செல்வம், அமிர்தலிங்கம், சிவசிதம்பரம், இன்றைக்குச் சுமந்திரன் வரைக்கும் வரிசையாக எண்ணலாம். எங்கட தாத்தாமார் காலத்தில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இரண்டு சாதி இருந்தது. பிறக்கிராசி ஊரில் இருந்து வழக்கைத் தயார் பண்ணுவார், கட்சிக்காரனோடு பேசுவார், உறுதி எழுதுவார். அப்புக்காத்து பெரிய வழக்குக்கு வந்து வாதாடிவிட்டுப் போவார். 1973ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் சேர்த்து "சட்டத்தரணி" என்று ஒரே பெயராக்கியது. பெயர்தான் ஒன்றானது. வெளியூரில் இருந்து வந்து வாதாடிவிட்டுப் போகிறவர் பெரியவர், உள்ளூரில் தவணைக்குத் தவணை காத்துக்கிடக்கிறவர் சின்னவர் என்ற நினைப்பு எங்கட மண்டையில் அப்படியே இருக்கு.

எங்கட ஊருக்கு மிக நெருக்கமான உதாரணம் சம்பந்தன் ஐயா. 1933இல் பிறந்தவர், சட்டக் கல்லூரியில் படித்தவர், 1977இல் பாராளுமன்றம் போக முன்னம் திருகோணமலையில் தொழில் செய்தவர். 2024 ஜூன் 30 அன்று அவர் மறைந்தபோது வந்த இரங்கல் கட்டுரைகளைத் தேடித் தேடி வாசித்தோம். 1983இல் ஆறாம் திருத்தச் சத்தியம் எடுக்க மறுத்து ஆசனத்தை இழந்தது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானது எல்லாம் இருந்தது. அவர் சட்டத்தரணியாக இருந்தது? பெரும்பாலும் ஒரு வரி. நாற்பது வயது தாண்டும் வரைக்கும் ஒரு மனிதன் செய்த தொழில் ஒரே வரியில் முடிந்தது. எந்தக் காணி வழக்கு, எந்தக் கொலை வழக்கு, யாரைக் குறுக்கு விசாரணை செய்தார், எதில் தோற்றார்? ஐயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை எழுதி வைக்காத எங்களைத்தான் சொல்கிறோம். அவரின் அரசியலில் உடன்படுகிறவர்களுக்கும் உடன்படாதவர்களுக்கும் அந்தப் பதிவு தேவைப்பட்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கோட்டோடு அரசியலுக்குப் போனவர்களில் இந்த ஊருக்காகப் பதவியை விட்டவரும் உண்டு. மு. திருச்செல்வம் 1968இல் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தபோது கோணேஸ்வரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழு போட்டார். டட்லி சேனநாயக்க அதை நிறுத்திவைத்தார். திருச்செல்வம் பதவி விலகினார், தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. இது எங்களுக்குத் தெரியும், ஏனெண்டால் இது அரசியல் வரலாறு, புத்தகத்தில் இருக்கு. அதே போல 1976இல் அமிர்தலிங்கம் மீது நடந்த ட்ரயல்-அற்-பார் வழக்கில் செல்வநாயகம், பொன்னம்பலம், திருச்செல்வம் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் ஒன்றாக ஆஜரானார்கள். பொன்னம்பலமும் செல்வநாயகமும் பல வருடம் எதிரும் புதிருமாக இருந்தவர்கள் என்பதால் இது இன்றைக்கும் மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. பெருமைதான்.

ஆனால் ஒரு தலைவருக்காக அறுபது கோட் வரிசையாக நிண்டதைச் சொல்கிற வாய், கிளிவெட்டிப் பக்கத்துச் சனத்துக்காக எத்தனை கோட் நிண்டது என்று சொல்லட்டும்.

1996 பெப்ரவரி 11. கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம். இராணுவத்தினர் ஊருக்குள் புகுந்து சுட்டதில் 24 பேர் செத்தார்கள், பெண்களும் பிள்ளைகளுமே கூட. தப்பியவர்கள் அடையாள அணிவகுப்பில் படையினரை அடையாளம் காட்டினார்கள். இந்த நாட்டில் இப்படியான சம்பவங்களில் வழக்கு அந்த அளவுக்குப் போவதே பெரிய விஷயம். பிறகு என்ன நடந்தது? பாதுகாப்புக் காரணம் காட்டி வழக்கு திருகோணமலையில் இருந்து அனுராதபுரத்துக்கு மாறியது. 2016 ஜூலை 27 அன்று, அதாவது இருபது வருடம் கழித்து, அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரி சொன்ன தீர்ப்பின் பேரில் ஆறு படையினரும் விடுதலை.

இந்த "மாறியது" என்ற சொல்லைக் கொஞ்சம் நிண்டு பார்க்க வேணும். செய்தியில் அது ஒரு வரி. திருகோணமலையில் இருந்து அனுராதபுரம் நூறு கிலோமீற்றருக்கு மேல். கூலி வேலை செய்கிற ஒருத்தர் ஒரு தவணைக்குப் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும், அங்க போய்ப் பார்த்தால் வழக்கை அடுத்த தவணைக்குப் போட்டிருப்பார்கள். தூரத்தை விட முக்கியம் மொழி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி நீதிமன்றத்தின் மொழி அந்தப் பிரதேசத்தின் நிர்வாக மொழி. திருகோணமலையில் தமிழ், அனுராதபுரத்தில் சிங்களம். வழக்கு இடம் மாறினால் மொழியும் மாறுது. தன் பிள்ளை செத்ததைத் தமிழில் சொல்கிற ஒரு தாய் இப்போது மொழிபெயர்ப்பாளருக்கு ஊடாகப் பேச வேணும். ஜூரி எந்த மொழிப் பட்டியலில் இருந்து வரவேணும் என்று தெரிவு செய்கிற உரிமை சட்டப்படி எதிரிக்குத்தான் இருக்கு, சாட்சிக்கு இல்லை. அந்தத் தாயின் குரல் நடுங்கினதும், எந்தச் சொல்லில் அழுதா என்பதும் மொழிபெயர்ப்பில் வருமா?

அப்படிப் பார்த்தால் ஒரு திருகோணமலைச் சட்டத்தரணியின் தொழில் வாழ்க்கையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: வழக்கை இடம் மாற்றக் கேட்ட அன்றைக்கு நீங்கள் எங்க நிண்டீர்கள்?

குமாரபுரம் தனி வழக்கு இல்லை. 2006 ஓகஸ்ட் 4 அன்று மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப். ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம். அந்த விசாரணையும் மூதூர் நீதவானிடம் இருந்து எடுக்கப்பட்டு அனுராதபுரத்துக்குப் போனது. இன்று வரைக்கும் ஒருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. துறைமுகத்துக்கு உள்ளே நடந்ததுக்கும் இதே கதி. கடற்படைத் தளத்துக்குள் இருந்த "கன்சைட்" நிலக்கீழ் அறைகளை 2015 நவம்பரில் ஐ.நா. காணாமலாக்கப்பட்டோர் செயற்குழு வந்து பார்த்தது. 2008, 2009இல் கடத்தப்பட்ட 11 இளைஞர்களின் வழக்கு போனது கொழும்பில். அந்தக் குடும்பங்களுக்காக நிண்டவர் அச்சலா செனவிரத்ன என்ற சிங்களப் பெண் சட்டத்தரணி. அதுக்காக இணையத்தில் மிரட்டல் வாங்கியவர். எங்கட துறைமுகத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு வழக்கில், நாங்கள் பெயர் சொல்லி நன்றி சொல்லக்கூடிய ஒரு ஆள். எங்கட வகுப்பில் எத்தனை பேருக்கு அவவைத் தெரியும்? கேட்டுப் பார்த்தோம். ஒருத்தருக்கும் தெரியாது.

காந்தி சிலையடிக்கு வருவம். 2006 ஜனவரி 2 பின்னேரம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு இருபது, இருபத்தொரு வயது, இப்ப எங்களுக்கு இருக்கிற வயது. அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்தது என்று முதலில் கதை வந்தது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படம் பிடித்துக் காட்டியவர் சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி சொன்ன தகப்பன் நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. 2013இல் அதிரடிப் படையினர் கைதாகிப் பிணையில் வந்தார்கள். 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று 13 பேரையும் விடுவித்தது. இந்த வழக்கு வெளியூருக்குப் போகவில்லை, இங்கதான் நடந்தது. போனது சாட்சிகள். 2015இலேயே சாட்சிப் பாதுகாப்புக்கு என்று ஒரு சட்டம் வந்திருந்தது, காணொளி ஊடாகச் சாட்சி சொல்லலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் காணாது, தவணைக்குத் தவணை எழும்பி "இதைப் பயன்படுத்துங்கள்" என்று கேட்க ஒரு ஆள் வேணும்.

இங்க ஒரு நியாயமான மறுப்பு வரும் என்று தெரியும். மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது சட்டமா அதிபர் திணைக்களம். பாதிக்கப்பட்டவர் பக்கச் சட்டத்தரணிக்கு அங்க இருப்பது ஓரத்து இடம்தான். சாட்சியை அழைக்கிறதும் கைவிடுறதும் அரச சட்டத்தரணியின் கையில். உண்மை. ஆனால் ஓரத்தில் இருந்தும் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு. இடமாற்றத்தை எதிர்த்து மனு போடலாம். சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்கலாம். சாட்சியை நீதிமன்ற வாசல் வரைக்கும் கூட்டிப் போகலாம், என்ன நடக்கப் போகுது என்று முதல் நாளே விளங்கப்படுத்தலாம். மொழிபெயர்ப்புப் பிழைத்தால் எழும்பிச் சொல்லலாம். அரச தரப்பு தூங்கினால் தட்டி எழுப்பலாம். இது ஒன்றும் பத்திரிகையில் வராத வேலை, ஆனால் வழக்கு தோற்கிறது இந்த இடத்தில்தான். செம்மணி, மன்னார் புதைகுழி வழக்குகளில் கே. எஸ். இரத்தினவேல் போன்றவர்கள் வருடக்கணக்காகச் செய்வது இதைத்தான். நாங்கள் ஒரு தேர்தல் மேடைப் பேச்சுக்குக் குடுக்கிற கைதட்டலில் பாதியாவது அதுக்குக் குடுத்திருக்கிறமா?

அடுத்த மறுப்பு: "அவையளுக்கும் வயிறு இருக்கு." இதையும் நாங்கள் ஒதுக்கவில்லை. சட்டத்தரணி ஆகிற பாதையைப் பாருங்கள். கலைப்பிரிவில் அதி உச்சப் புள்ளி எடுத்தால் பல்கலைக்கழகச் சட்டபீடம். இல்லாட்டி கொழும்புச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை, அதுக்கு ரியூசன், பிறகு கொழும்பில் வருடக்கணக்காக அறை வாடகை. அது முடிய ஒரு மூத்த சட்டத்தரணிக்குக் கீழே ஆறு மாதப் பயிற்சி. கைக்கு வருவது பெரும்பாலும் பஸ் காசு. ஊருக்கு வந்து தொழில் தொடங்கினால் காசு வருகிற இடம் உறுதி எழுதுறதும் நொத்தாரிசு வேலையும்தான், குற்றவியல் வழக்கில்லை. அதிலும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிக்கிற வேலைக்குக் காசே இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு கடனாளி வீட்டுப் பிள்ளை குமாரபுரம் மாதிரி வழக்குக்குப் பின்னால் இருபது வருடம் போகாதது அதிசயமில்லை.

இதில் மொழியும் சேருது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 கடைசியில் ஒரு வர்த்தமானி வந்தது. பாராளுமன்றம் அந்த ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் தோற்கடித்தது. அப்போது எங்கட பக்கத்தில் பலர் "இங்கிலிஷ் தெரியாத சட்டத்தரணி என்னத்துக்கு?" என்று எழுதினார்கள், தமிழில் எழுதினார்கள், அதுதான் பகிடி. மேன்முறையீட்டுக்கு ஆங்கிலம் வேணும், மறுக்கவில்லை. ஆனால் மூதூரில் ஒரு மீனவச் சாட்சியை அவருடைய பேச்சிலேயே கேள்வி கேட்டு, அவர் சொன்ன "கரைவலை" என்ன, "பாடு" என்ன என்று விளங்கி, அதை நீதவானுக்கும் விளங்க வைக்கிற தமிழ் ஒரு தொழில் திறமை. அந்தத் திறமையை ஒரு பரீட்சையும் சோதிப்பதில்லை, ஒரு பதாகையும் பாராட்டுவதில்லை.

பாராட்டு எதுக்குக் கிடைக்குது என்றால் "ஜனாதிபதி சட்டத்தரணி" என்ற பட்டத்துக்கு. 1984இல் எட்டாம் திருத்தத்துக்குப் பிறகு அதை வழங்குபவர் ஜனாதிபதி. அரசுக்கு எதிராக வாதாடுவதில் ஒருத்தர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை அரசின் தலைவர் தீர்மானிக்கிற ஏற்பாடு. பட்டம் பெற்ற எல்லாரும் தகுதி இல்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை, தகுதியானவர்களும் உண்டு. அந்தப் பட்டத்தை அளவுகோலாகத் தூக்கிப் பிடிக்கிற எங்கட சனத்தைத்தான் சொல்கிறோம்.

மூன்றாவது மறுப்பு பயம். இதில் எங்களுக்குப் பேச உரிமை குறைவு, ஏனெண்டால் நாங்கள் யுத்தம் முடிந்த பிறகு பள்ளிக்கூடம் போன ஆக்கள். விஜேதாச லியனாராச்சி 1988இல் தடுப்புக்காவலில் கொல்லப்பட்டார். குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5 அன்று கொழும்பில் சுடப்பட்டார். அரசுக்கு எதிரான வழக்கைத் தொட்டால் உயிர் போகும் என்று நினைத்ததில் பிழை காண ஏலாது. பயந்தவரை நாங்கள் குற்றவாளி ஆக்கவில்லை. பயந்து பின்வாங்கின காலத்தையும் "மக்கள் சேவை" என்று தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் அச்சடிக்கிறதைத்தான் எதிர்க்கிறோம். "அந்த நேரம் ஏலாமல் இருந்தது" என்று ஒருத்தர் நேராகச் சொன்னால் அவருக்கு வாக்குப் போட எங்களில் பலர் தயார்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். எதிரிக்காக ஆஜராகிறவர் துரோகி என்ற பேச்சு எங்களுக்கு வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட எங்கட அண்ணாமாருக்கு யாரோ ஒருத்தர் ஆஜரானபடியால்தான் சிலர் வீடு வந்தார்கள். அப்போதும் "புலிக்கு ஆஜராகிறான்" என்று திட்டினார்கள். எவருக்கும் சட்டத்தரணி வேணும், படையினருக்கும் வேணும். நாங்கள் கேட்பது பதிவு. யாருக்காக நிண்டீர்கள் என்பது தெரிய வேணும், அவ்வளவுதான். மிச்சத்தை வாசிக்கிறவர் தீர்மானிக்கட்டும்.

எனவே இந்தத் தொகுப்பை நாங்கள் தொடங்குகிறோம். திருகோணமலை, மூதூர், கந்தளாய் நீதிமன்றங்களில் தொழில் செய்து ஓய்வு பெற்ற சட்டத்தரணிகள், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள், லிகிதர்கள், சாட்சி சொன்ன ஊர்ச் சனம், இவர்களிடம் போய்க் கேட்டு எழுதப் போகிறோம். எந்த வருடம் தொழிலுக்கு வந்தீர்கள், யாரிடம் பழகினீர்கள், முதல் வழக்கு எது, காசு வாங்காமல் நிண்டது எது, எதைத் திருப்பி அனுப்பினீர்கள். கட்சிக்காரரின் இரகசியம் எங்களுக்குத் தேவையில்லை. திறந்த நீதிமன்றத்தில் நடந்தது போதும்.

அதோடு இன்னொரு வேலை, இதுக்கு எந்த நிதியும் வேண்டாம். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. விடுமுறைக்கு ஊருக்கு வருகிற ஆக்கள் ஒரு கிழமை நாளில் காலமையே போய்ப் பின்வாங்கில் இருங்கள். போனை நிப்பாட்டுங்கள், நீதவான் வரும்போது எழும்புங்கள், கொப்பி ஒன்று கொண்டு போங்கள். எத்தனை வழக்குத் தவணை போகுது, யார் சட்டத்தரணி இல்லாமல் தனியே நிக்கினம், அவைக்காக யார் எழும்பினம் என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.